நஞ்சறுக்கும் நஞ்சு

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாகக் கூடிக் கவிதை படித்தும் கேட்டும் வாதிட்டும் வளர்ந்துள்ள இவ்வட்டத்தின் விழாவில் உரையாற்ற என்னை அழைத்தமைக்கு நன்றியுடையேன். நிகண்டுகளில் வரும் மரஞ்செடிப் பெயர்களை ஆராய்ந்து முனைவர்ப் பட்டம் பெற்றவள் ஆதலால், சங்க இலக்கியப் பூக்களைப் பற்றி நான் பேசக்கூடும் என்று பலர் எதிர்பார்த்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்ட பொருள் பூவன்று, நஞ்சு. நோய் விளைக்கும் ஒட்டுண்ணிகளின் உடலில் புரதம் உருவாகாமல் தடுக்கும் தாவர நஞ்சுகளைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். இலக்கிய அரங்கில் இதற்கென்ன இடம் என்னும் ஐயம் எழுவது இயல்பே. நஞ்சு, மருந்து, இயற்கை, மூலிகை ஆகிய சொற்களை நாம் நாள்தோறும் கையாள்கிறோம். அவற்றின் பொருளைச் சரிவர அறிந்து கையாள்கிறோமா என்னும் வினாவே என்னை இப்பொருளுக்கு இட்டு வந்தது.

மருந்து என்னும் சொல்

முதலில் சொல்லிலிருந்தே தொடங்குவோம். தமிழில் மருந்து என்னும் சொல் நோய் தீர்ப்பதை மட்டும் குறிப்பதன்று. வெடிமருந்து என்கிறோம், பூச்சிமருந்து, எலிமருந்து என்கிறோம். மயக்கி வசப்படுத்தக் கொடுப்பதாக நம்பப்பட்டது இடுமருந்து. அமிழ்தத்தையும் வள்ளுவர் மருந்து என்றே சுட்டியுள்ளார். நம் ஊர்ப்புறங்களில் ஒருவர் ஓடிவந்து, "அந்தப் பெண் மருந்தைக் குடித்துவிட்டாள்" என்று கூறினால், அவள் நோய்க்கு மருந்துண்டாள் என்று எவரும் பொருள் கொள்வதில்லை. வண்டி தேடி ஓடுவார்கள். ஒரே சொல் உயிர் காப்பதையும் உயிர் போக்குவதையும் குறிக்கிறது. இடமும் அளவும் அறிந்தே கேட்பவர் பொருள் கொள்கின்றனர்.

நிகண்டுகளிலும் இவ்வாறே. கடு என்னும் சொல்லுக்கு நஞ்சு என்பது ஒரு பொருள். கடுக்காய் மரம் என்பது மற்றொரு பொருள். கொல்வதும் வயிற்றைக் காப்பதும் ஒரு சொல்லின் கீழ் அடங்கியுள்ளன. இது மொழியின் வறுமையாலன்று என்றே கருதுகிறேன். நஞ்சும் மருந்தும் இருவேறு பொருள்கள் அல்ல, ஒரே பொருளின் இருவேறு அளவுகள் என்பதை அறிந்த சமுதாயத்தின் சொல்வழக்கு இது. ஆனால் கவிதையில் நாம் என்ன செய்கிறோம்? நஞ்சு ஒரு பக்கம், அமுது மறுபக்கம் என்று எதிரெதிராக நிறுத்தி முரண்தொடை அமைத்து மனநிறைவு கொள்கிறோம். அந்த எதிர்நிலை உண்மையில் எவ்வளவு நிற்கும் என்பதற்கு ஒரு வேரின் வரலாற்றைச் சான்றாகக் காட்ட விழைகிறேன்.

பிரேசில் காட்டு வேர்

அந்த வேரின் பெயர் இபிகாகுவானா. தென்னமெரிக்காவில், பிரேசில் நாட்டின் மழைக்காடுகளில் மரநிழலில் வளரும் சிறு செடி அது. காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் வேர் வளையம் வளையமாக முடிச்சிட்டது போலத் தோன்றும். அந்நாட்டுப் பழங்குடி மக்கள் அதன் பயனை முன்பே அறிந்திருந்தனர். செடியின் பெயரும் அவர்தம் துப்பி மொழியிலிருந்தே வந்தது. 1648ஆம் ஆண்டு பிசோ, மார்க்கிராவ் ஆகியோரின் பிரேசில் இயற்கை வரலாற்று நூல் வெளிவந்தபோது ஐரோப்பிய அறிஞர்களுக்கு அச்செடி அறிமுகமாயிற்று. வேரைப் பொடி செய்து உண்டால் வாந்தி வரும். குருதியும் சளியுமாகப் போகும் வயிற்றுக்கடுப்பு தணியும்.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிசு நகரில் எல்வேசியசு என்னும் மருத்துவர் இவ்வேரை இரகசிய மருந்தாக விற்றுப் பெரும்பொருள் ஈட்டினார். பதினான்காம் லூயி மன்னர் அந்த இரகசியத்தை விலைகொடுத்து வாங்கிய பின்னரே ஊரறிந்த மருந்தாயிற்று. 1817ஆம் ஆண்டு அதே பாரிசு நகரில் பெல்லெத்தியே, மசாந்தி ஆகிய இருவர் வேரின் ஆற்றலுக்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தனர். வாந்தி எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு அதற்கு எமட்டின் என்று பெயரிட்டனர். பெல்லெத்தியே மூன்றாண்டுகளுக்குப் பின் கவந்தூவுடன் சேர்ந்து சிங்கோனா மரப்பட்டையிலிருந்து குவினைனைப் பிரித்தவர் என்பதும் நினைக்கத்தக்கது.

பெயர் வாந்தியைக் கொண்டு அமைந்ததே ஒரு திசைதிருப்பல் எனலாம். வாந்தியெடுக்கச் செய்வது அப்பொருளின் வெளித்தோற்றம். வயிற்றுக்கடுப்பு ஏன் தணிந்தது என்பதை அறிய மேலும் நூறாண்டுகள் ஆயின. 1875ஆம் ஆண்டு உருசியாவின் பீட்டர்சுபர்க்கு நகரில் லேசு என்னும் மருத்துவர், வயிற்றுக்கடுப்பால் வருந்திய ஒருவரின் கழிவில் ஊர்ந்து திரியும் ஓரணு உயிரிகளை நுண்ணோக்கியில் கண்டார். அவை அமீபாக்கள். வயிற்றுக்கடுப்புக்கு நுண்கிருமிகள் பலவும் காரணமாகலாம். அவற்றுள் அமீபாவும் ஒன்று என்பது இவ்வாறு தெளிவாயிற்று. குடலைத் துளைப்பதுடன் நில்லாமல், அது கல்லீரலுக்கும் சென்று சீழ்க்கட்டி உண்டாக்கும்.

1911ஆம் ஆண்டு மணிலாவில் பணியாற்றிய வெடர் என்னும் அமெரிக்கப் படை மருத்துவர், மிகவும் நீர்த்த நிலையிலும் எமட்டின் அமீபாக்களைக் கொல்வதைச் சோதனையில் காட்டினார். அடுத்த ஆண்டே, 1912இல், கல்கத்தாவில் பணியாற்றிய இலியனார்டு உரோசர்சு எமட்டினை ஊசி வழியாக நோயாளிகளுக்குச் செலுத்திக் கடுமையான அமீபா நோயைத் தணித்தார். வாய்வழி உண்டால் வாந்தியாகிப் போகும் மருந்து, ஊசி வழியே உடலில் தங்கியது. பின்னர் அரை நூற்றாண்டுக் காலம் அமீபா நோய்க்கு எமட்டினே தலையாய மருந்தாக விளங்கியது. ஆனால் அது அமீபாவை எவ்வாறு கொல்கிறது என்பதை அப்போதும் எவரும் அறியவில்லை.

ஏடும் படிப்போரும்

இதற்கு விடை காண, உயிரணுவுக்குள் நடைபெறும் ஒரு வேலையை நாம் அறிதல் வேண்டும். ஏட்டுச் சுவடிகளோடு பழகிய இவ்வவைக்கு அது கடினமன்று.

உயிரணுவின் கருவறையில் மூல ஏடு ஒன்று பாதுகாப்பாக உள்ளது. வெளியே எடுத்துச் செல்ல இயலாத அந்த மூலத்திலிருந்து வேண்டிய பகுதிக்கு மட்டும் ஒரு படி எடுக்கப்படுகிறது. அந்தப் படிக்குத் தூது ஆர்.என்.ஏ. என்று பெயர். அதில் உள்ள எழுத்துகள் நான்கே. மும்மூன்று எழுத்தாகச் சேர்த்துப் படித்தால் 64 சொற்கள் அமையும். அச்சொற்கள் 20 வகை அமினோ அமிலங்களைக் குறிக்கும். சில சொற்கள் முற்றுப்புள்ளிகளாகும். இப்படியைப் படிப்பது ரிபோசோம் என்னும் நுண்பொறி. அது மூன்று எழுத்துகளைப் படித்து அதற்குரிய அமினோ அமிலத்தைச் சேர்க்கும். ஏட்டை மூன்றெழுத்து நகர்த்தும். அடுத்த சொல்லைப் படிக்கும். நம் போன்ற உயிர்களில் விநாடிக்கு 5 அல்லது 6 சொற்கள் என்னும் அளவில் இவ்வேலை நடைபெறுகிறது. இவ்வாறு கோத்த மாலையே புரதம். தசையும் செரிமானச் சுரப்பும் குருதியின் செந்நிறப் பொருளும் புரதங்களே. படிப்பு நின்றால் புரதம் இல்லை. புரதம் இல்லையேல் உயிர் இல்லை.

ரிபோசோமின் வடிவத்தை அணு அணுவாகக் கண்டறிந்ததற்காக 2009ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு மூவருக்கு வழங்கப்பட்டது. அவருள் ஒருவரான வெங்கி இராமகிருட்டிணன் சிதம்பரத்தில் பிறந்தவர் என்பது நாம் அறிந்ததே.

எமட்டினின் வேலை என்ன என்பதற்கு 1966ஆம் ஆண்டு விடை கிடைத்தது. நியூயார்க்கில் ஆய்வு செய்த கிரால்மன், எமட்டின் புரத ஆக்கத்தைத் தடுக்கிறது என்று காட்டினார். பின்னர் 2014ஆம் ஆண்டு, வெங்கி இராமகிருட்டிணன் பணியாற்றிய கேம்பிரிட்சு மூலக்கூற்று உயிரியல் ஆய்வுக்கூடத்தினரும் மெல்போர்ன் ஆய்வாளர்களும் சேர்ந்து, மலேரியா ஒட்டுண்ணியின் ரிபோசோமில் எமட்டின் எங்கே அமர்கிறது என்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் படமெடுத்தனர். படித்து முடித்த சொல் வெளியேறும் வாயிலில், ஏட்டை ஒட்டி அது ஓர் ஆப்புப் போலச் செருகிக் கிடக்கிறது. ஏடு கிழியவில்லை, எழுத்து அழியவில்லை, படிப்பவரின் கண்ணும் பழுதுபடவில்லை. ஏட்டை அடுத்த சொல்லுக்கு நகர்த்த மட்டும் இயலவில்லை. கண் அதே சொல்லில் நின்றுவிடுகிறது. வேறெதனையும் சிதைக்காமல் நகர்வை மட்டும் நிறுத்திக் கொல்லும் நஞ்சு இது.

பகைவனும் நாமும்

இங்கேதான் இவ்வரலாற்றின் கடுமையான பகுதி தொடங்குகிறது. பாக்டீரியாக்களின் ரிபோசோம் நம்முடையதினின்றும் பல வகையில் வேறுபட்டது. ஆதலால் ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்கிளின் போன்ற மருந்துகள் பாக்டீரியாவின் படிப்பை நிறுத்தும்போது நம் படிப்பைப் பெரும்பாலும் தொடுவதில்லை. அமீபாவும் மலேரியா ஒட்டுண்ணியும் அவ்வாறல்ல. அவை ஓரணு உயிர்களாயினும் நம்மைப் போலவே கருவறை உள்ளவை. உயிர்க் குலத்தில் பாக்டீரியாவைவிட நமக்கு நெருங்கிய உறவினர். எமட்டின் செருகும் அந்த வாயில் அவற்றுக்கும் நமக்கும் ஏறத்தாழ ஒன்றே. நஞ்சுக்கு நண்பனும் பகைவனும் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரு வாயில் மட்டுமே.

அதன் விலையை நோயாளியின் இதயம் கொடுத்தது. எமட்டின் உடலை விட்டு விரைவில் வெளியேறுவதில்லை. நாளுக்கு நாள் சேர்ந்து இதயத் தசையைத் தாக்கும். ஆகவே நாளொன்றுக்கு 60 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது, 10 நாட்களுக்கு மேல் நீடிக்கலாகாது, நோயாளி படுக்கையிலேயே கிடக்க வேண்டும், இதயத் துடிப்பைக் கண்காணிக்க வேண்டும் என்றெல்லாம் மருத்துவ நூல்கள் வரையறுத்தன. மருந்துக்கும் மரணத்துக்கும் இடையே இருந்தது அந்த வரையறை ஒன்றே. வள்ளுவரின் மருந்து அதிகாரத்தைப் படிப்போர், அதில் மூலிகைப் பெயர் ஒன்றும் இல்லையே, பெரும்பாலும் அளவறிந்து உண்பதைப் பற்றியே கூறுகிறாரே என்று வியப்பதுண்டு. எமட்டினின் வரலாற்றை அறிந்தபின் எனக்கு அந்த வியப்பு நீங்கிற்று. மருந்து என்பதன் பொருளே அளவு என்று அவர் கண்டிருக்கிறார்.

1966ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர மருத்துவர்கள், மெட்ரோனிடசோல் என்னும் மருந்து அமீபா நோயைத் தீர்ப்பதை வெளியிட்டனர். அது ரிபோசோமைத் தொடுவதில்லை. உயிர்வளி இன்றி வாழும் அமீபாவின் உடலுக்குள் சென்ற பின்பே அது நஞ்சாக மாறி அதன் மூல ஏட்டைச் சிதைக்கும். உயிர்வளி கொண்டு வாழும் நம் உயிரணுக்களில் அம்மாற்றம் அவ்வாறு நிகழ்வதில்லை. பகைவனுக்கும் நமக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றிக்கொண்டதனால் எமட்டினின் இடத்தை அது எளிதில் கைப்பற்றியது. நஞ்சுண்ட குழந்தைகளை வாந்தியெடுக்கச் செய்ய மேலைநாட்டு வீடுகளில் வைத்திருந்த இபிகாக் பாகும் மதிப்பிழந்தது. அதனை வீடுகளில் வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்று 2003ஆம் ஆண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் அறிவுறுத்தியது.

நம் வேலியோரச் செடிகள்

பிரேசிலிலிருந்து இனி நம் மண்ணுக்கு வருவோம். இவ்வேரின் வரலாற்றில் சோழமண்டலக் கடற்கரைக்கும் ஓர் இடம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்குப் பணியாற்றிய தாவர அறிஞர் இராக்சுபர்க்கு, இக்கடற்கரையில் இபிகாகுவானாவுக்கு மாற்றாக ஒரு கொடியின் வேர் பயன்பட்டு வந்ததைத் தம் தாவர நூலில் எழுதியுள்ளார். தாமே நோயாளிகளுக்குக் கொடுத்துப் பயன் கண்டதாகவும் குறித்துள்ளார். இந்திய இபிகாக் என்று ஆங்கிலேயர் அழைத்த அக்கொடி எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஈளை நோய்க்கு அதன் இலையை நாட்டு மருத்துவர் கொடுப்பதுண்டு. அதன் தமிழ்ப் பெயர் நஞ்சறுப்பான்.

எத்துணை அழகிய பெயர்! நஞ்சுண்டவரை வாந்தியெடுக்கச் செய்து நஞ்சை வெளியேற்றும் வழக்கத்தால் இப்பெயர் வந்திருக்கலாம் என்பது என் கருத்து. நஞ்சை அறுப்பது என்று பெயர் பெற்ற அக்கொடியில் டைலோபோரின் என்னும் நஞ்சு உள்ளது.

நம் ஊர் மரம் மற்றொன்று அழிஞ்சில். நிகண்டுகளில் அங்கோலம் என்று வரும் மரம் இதுவே. இதன் விதைகள் உதிர்ந்தபின் மீண்டும் மரத்திற்கே ஏறி ஒட்டிக்கொள்ளும் என்னும் பழைய நம்பிக்கை உண்டு. ஆதிசங்கரர் பெயரால் வழங்கும் சிவானந்தலகரியில், இறைவனை நாடும் உள்ளத்துக்கு இந்த விதைகளே முதல் உவமையாக வருகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னையில் விளங்கிய மருத்துவ அறிஞர் மூதீன் செரீப்பு, அழிஞ்சில் வேர்ப்பட்டை வாந்தி மருந்தாகப் பயன்படுவதை எடுத்துக்காட்டினார். பின்னர் நடந்த வேதியியல் ஆய்வில், பிரேசில் வேரில் கண்ட அதே எமட்டினும் அதற்கு உறவான டியூபுலோசின் என்னும் பொருளும் அழிஞ்சிலிலும் இருப்பது தெரியவந்தது.

1977ஆம் ஆண்டு கனடாவின் டொராண்டோ நகரில் குப்தா, சிமினோவிச்சு என்னும் இருவர் ஒரு நுட்பமான சோதனையின் முடிவை வெளியிட்டனர். எமட்டினால் சாகாதபடி மாறிவிட்ட உயிரணுக்களை எடுத்து, அவை வேறு நஞ்சுகளையும் தாங்குகின்றனவா என்று பார்த்தனர். அழிஞ்சிலில் உள்ள டியூபுலோசினையும், நஞ்சறுப்பானின் இனத்தைச் சேர்ந்த மற்றொரு கொடியின் டைலோகிரெப்ரின் என்னும் நஞ்சையும் அவை தாங்கின. அதாவது இந்நஞ்சுகள் யாவும் ஒரே வாயிலில் செருகுபவை. காப்பியின் உறவான செடியும் எருக்கின் உறவான கொடியும் இவ்விரண்டுக்கும் தொடர்பற்ற அழிஞ்சிலும் தனித்தனிக் குடும்பங்கள். தம்முள் தொடர்பின்றி வளர்ந்த இவை உயிர்களின் படிப்பை நிறுத்தும் ஒரே இடத்தைக் கண்டுகொண்டன. பிரேசில் பழங்குடியினரும் சோழமண்டல மருத்துவர்களும் ஒருவரையொருவர் அறியாமலே ஒத்த பயனுக்கு அவற்றை எடுத்தாண்டனர்.

எல்லா நஞ்சும் மருந்தாகுமா?

இதுவரை கூறியதைக் கேட்டு, எந்த நஞ்சையும் அளவாகக் கொடுத்தால் மருந்தாகிவிடும் என்று எவரும் முடிவு கட்டிவிடலாகாது. நாம் நன்கறிந்த குன்றிமணியைப் பாருங்கள். குறுந்தொகையின் கடவுள் வாழ்த்தில் பெருந்தேவனார் முருகனின் ஆடைக்கு அதனை உவமையாக்கினார். வெளியே சிவந்து மூக்கில் கறுத்த அந்த மணியை வள்ளுவர் கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தில் வேடதாரிகளுக்கு உவமித்தார். பொற்கொல்லர் அதை எடைக்கல்லாகக் கொண்டனர். அதனுள் உள்ள அப்ரின் என்னும் நஞ்சும், ஆமணக்கு விதையின் ரிசின் என்னும் நஞ்சும் ரிபோசோமையே தாக்குபவை. ஆனால் இவை எமட்டினைப் போல் வாயிலில் செருகி நிற்பவை அல்ல. ரிபோசோமின் உடலாக அமைந்த 4,000க்கும் மேற்பட்ட எழுத்துகளில் ஒரே ஓர் எழுத்தைப் பறித்துவிடுகின்றன என்று 1987ஆம் ஆண்டு சப்பானிய அறிஞர் எண்டோவும் அவர்தம் துணைவரும் கண்டனர். பறித்த எழுத்து திரும்புவதில்லை. பறித்த நஞ்சு அங்கே நில்லாமல் அடுத்த ரிபோசோமுக்குச் செல்கிறது. எமட்டின் நகர்வை நிறுத்துகிறது. குன்றிமணி கண்ணையே பறிக்கிறது.

வெளியழகு உள்ளே உள்ளதைக் காட்டாது என்பதற்கு வள்ளுவர் இந்த மணியைத் தேர்ந்தார். ரிபோசோமை அவர் அறிந்திருக்க வழியில்லை. ஆயினும் உவமைக்கு எடுத்த பொருளை உற்றுப் பார்த்திருக்கிறார். நாம் உவமைக்கு எடுக்கும் பொருளை அவ்வாறு உற்றுப் பார்க்கிறோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம்.

வேறுபாட்டைத் தேடி

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. சீன நாட்டு மருத்துவத்தில் சாங்சான் என்னும் செடியின் வேர் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளாக முறைக்காய்ச்சலுக்கு வழங்கி வருகிறது. இமயமலைச் சரிவுகளிலும் அச்செடி வளர்கிறது. அதிலுள்ள பெப்ரிபியூசின் என்னும் பொருள் மலேரியாக் காய்ச்சலைத் தணிக்கும். ஆனால் கடுமையான வாந்தியை உண்டாக்கும். அது ரிபோசோமை அணுகுவதே இல்லை. அச்சுக்கூடத்தில் அச்சுக்கோப்பவரின் பெட்டியிலிருந்து ஓர் எழுத்தை மட்டும் ஒளித்துவிட்டால் என்ன ஆகும்? அந்த எழுத்து வரும் இடமெல்லாம் வேலை நிற்கும். புரோலின் என்னும் அமினோ அமிலத்தைப் பொறிக்கு எடுத்துச் சென்று தரும் வேலையை இந்நஞ்சின் வகையினது ஒன்று தடுக்கிறது என்று 2012ஆம் ஆண்டு ஆர்வர்டு பல்கலைக்கழகத்தினர் கண்டனர். மலேரியா ஒட்டுண்ணியிலும் அதே இடமே தாக்கப்படுகிறது என்பது 2015ஆம் ஆண்டு வெளியாயிற்று. இங்கும் அதே இடர்ப்பாடுதான்: அந்த வேலை நம் உடலிலும் நடைபெறுகிறது.

ஆகவே ஆய்வாளர்கள் இன்று தேடுவது மேலும் வலிய நஞ்சையன்று. ஒட்டுண்ணிக்கும் நமக்கும் உள்ள மிகச் சிறிய வேறுபாட்டையே. 2015ஆம் ஆண்டு இசுக்காத்துலாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தினர் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய ஒரு பொருளை அறிவித்தனர். ஏட்டை அடுத்த சொல்லுக்குத் தள்ளிவிடும் புரதம் ஒன்று உண்டு. மலேரியா ஒட்டுண்ணியின் அந்தப் புரதத்தை இப்பொருள் தடுக்கிறது; நம்முடையதை அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. எமட்டின் செய்த அதே வேலை, ஏட்டை நகரவிடாமல் நிறுத்தும் வேலை, இங்கு ஆள் பார்த்துச் செய்யப்படுகிறது. செடி கற்பித்தது வாயில் இருக்கும் இடத்தை. யாருடைய வாயில் என்று பிரித்தறியும் வேலையை மனிதர் செய்ய வேண்டியதாயிற்று.

கவிஞர்களிடம் ஒரு விண்ணப்பம்

இறுதியாக, இந்த அவையின் முன் என் விண்ணப்பத்தை வைக்கிறேன்.

இயற்கை அன்னை தன் மக்களுக்கு மருந்தைப் பொதிந்து வைத்தாள் என்று நாம் எழுதுகிறோம். செடி நமக்காக எதையும் பொதிந்து வைக்கவில்லை. ஓட இயலாத உயிர் அது. தன் இலையைத் தின்னும் புழுவையும் வேரைக் கடிக்கும் விலங்கையும் தடுக்கத் தன் உடலிலேயே நஞ்சைச் சமைத்துக்கொண்டது. நம் குடலில் அமீபா இருப்பதை அது அறியாது. நஞ்சிலிருந்து மருந்தைப் பிரித்தவை மனிதரின் கூர்த்த நோக்கும் தவறித் திருந்திய அனுபவமும் அளவறியும் பொறுமையுமே. பெயர் தெரியாத பழங்குடி மருத்துவரிடமிருந்து நுண்ணோக்கி முன் அமர்ந்தவர் வரை அந்த உழைப்பு நீள்கிறது. அவ்வுழைப்பை அன்னையின் கொடை என்று பாடும்போது, உழைத்தவரை நாம் மறந்துவிடுகிறோம். அஃது அழகிய மறதியாக இருக்கலாம், மறதி மறதியே.

இதனினும் பெரிய தீங்கு ஒன்று உண்டு. "மூலிகைதானே, ஒன்றும் செய்யாது" என்னும் தொடர் இன்று விளம்பரங்களிலும் வீட்டுப் பேச்சிலும் ஓயாமல் ஒலிக்கிறது. ஒன்றும் செய்யாத மூலிகை மருந்தாகவும் ஒன்றும் செய்யாது. செய்வது எதுவோ அது அளவு தவறினால் தீங்கும் செய்யும். நம் பழைய மருத்துவர்கள் இதை நன்கறிந்தவர்கள். சித்த மருத்துவத்தில் சுத்தி முறை என்று ஒரு துறையே உள்ளது. நச்சுத்தன்மை உள்ள சரக்குகளை இன்ன முறையில் தூய்மை செய்த பின்பே பயன்படுத்த வேண்டும் என்னும் கட்டுப்பாடு அது. முறையை விட்டுவிட்டுச் செடியை மட்டும் பாராட்டுவது முன்னோரைப் போற்றுவதாகாது. இன்றைய ஆய்வைப் படிக்காமல் முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர் என்று முழங்குவதும் அவர்களைப் போற்றுவதாகாது. நஞ்சறுப்பான் வயிற்றுக்கடுப்புக்கு உதவும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். புரத ஆக்கத்தை அறிந்திருக்கவில்லை. இரண்டையும் அப்படியே சொல்வதே நேர்மை. இரண்டில் எதுவும் மற்றதன் பெருமையைக் குறைப்பதில்லை.

தமிழில் இவற்றை எழுத இயலுமா என்று கேட்போர் இன்றும் உளர். ஏடு, படி, அச்சுக்கோப்பு என நம் கைப்பழக்கத்தில் உள்ள சொற்களைக் கொண்டே இன்று இதனை உங்கள்முன் சொல்ல முயன்றிருக்கிறேன். ரிபோசோம், எமட்டின் போன்ற பெயர்களை அப்படியே ஏற்றுக்கொண்டேன். அவற்றால் மொழிக்குக் குறைவில்லை. பெயர் வந்த வழி தெரிந்தால் போதும். இத்துறையில் கவிஞர்களின் துணை பெரிதும் வேண்டப்படுகிறது. ஒரு பொருளை உற்றுப் பார்த்து, அதற்குரிய சொல்லைத் தேடி, மிகையும் குறையும் இன்றி வைப்பது உங்கள் தொழில் அன்றோ? பாட்டில் ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் கெடும் என்பதை அறிந்தவர்களுக்கு, மருந்தின் அளவைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்த முறை நஞ்சு என்று எழுதும்போது, எந்த நஞ்சு, யாருக்கு, எவ்வளவு என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். வேலியோரத்தில் நஞ்சறுப்பானைக் கண்டால் அதன் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அதைத் தின்று பார்க்கலாகாது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்ததே அச்செடியைப் பற்றிய அறிவு.

பத்தாண்டு கண்ட இவ்வட்டம் மேலும் பல்லாண்டு தொடர்ந்து சொல்லின் அளவைப் பேணி வாழ்க.